நாற்பத்தொன்றில் நின்ற தண்ணீர்

குத்துக்கல்வலசை
1 ஜூலை 2025, செவ்வாய்

மாரி அக்காவுக்கு,

போன் போடாதே. இந்த மெயிலைப் பார்த்ததும் உன் கை போனைத் தேடும் என்று எனக்குத் தெரியும். போட்டாலும் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் பதினொரு மாதமாக அடக்கி வைத்திருப்பது அத்தனையும் வாயில் வந்துவிடும், கேட்க வந்ததைக் கேட்காமல் சண்டை போட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுது. நானும் மரியாதையாகவே எழுதுகிறேன், முடிந்த மட்டும்.

கருங்காலி அருவிக்கு நீயும் நானும் சேர்ந்து போட்ட எச்சரிக்கை மிஷின் நேற்று பொய் சொன்னது.

பெங்களூரில் உட்கார்ந்து நீ மறந்திருப்பாய், அதனால் முதலிலிருந்து சொல்லுகிறேன். மேலே எஸ்டேட்டில் ஓடைக்கு நடுவே ஒரு கம்பம். கம்பத்தில் சென்சார். பத்து நொடிக்கு ஒரு தடவை தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று வைஃபையில் கீழே அனுப்பும். அருவிக்கு எதிரே நான் வேலை பார்க்கும் விடுதியின் மொட்டைமாடி ஆன்டெனா அதை வாங்கி என் மேஜையில் இருக்கும் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். எண்பதைத் தாண்டினால் சைரன் அடிக்கும். மேலே ஏறுகிற தண்ணீர் அருவிக்கு வந்து சேரப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

நேற்று காலை பத்து மணிக்கு எண் நாற்பத்தொன்று. பத்தரைக்கும் நாற்பத்தொன்று. பன்னிரண்டுக்கும் அதுவே. ஓடைத் தண்ணீர் அப்படி நிற்குமா அக்கா? நாற்பது, நாற்பத்திரண்டு என்று துடித்துக்கொண்டேதானே இருக்கும்? சந்தேகப்பட்டு வைஃபை கார்டைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். ஐம்பத்தெட்டு என்று வந்தது. இரண்டு மணி நேரமாக நான் செத்துப்போன எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவ்வளவு நேரமும் திரையில் ‘இணைப்பு இருக்கிறது’ என்று பச்சை விளக்கு எரிந்தது!

அருவியில் அப்போது முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். கணுக்கால் தண்ணீரில் விசிலோடு என் வீட்டுக்காரர் நின்றார். சீசன் முடியும்வரை பாண்டித்துரைக்கு அங்கேதான் போலீஸ் டூட்டி.

கார்டு கெட்டுவிட்டதா, டிரைவரில் கோளாறா? அந்த டிரைவரை எழுதி ஊர் உலகத்துக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த பெரிய மனுஷி நீதானே, நீயே சொல்லு.

இசக்கிச்செல்வி


பெங்களூர்
2 ஜூலை, புதன்

செல்வி,

உன் பெயரை மெயிலில் பார்த்ததும் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றுவிட்டேன். போன் போடவில்லை. நீ சொன்னபடியே கேட்கிறேன், பார்.

பயப்படாதே. இந்த மலிவு கார்டுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாரல் அடர்த்தியாக இருக்கும்போது சிக்னல் மெலிந்து, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். அந்த நெரிசலில் கார்டு சில சமயம் தொங்கிப்போகும். கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் டிரைவரின் வேலை. கார்டு வாயடைத்துப்போனால் டிரைவர் அதைத் தட்டி எழுப்பும். அன்றைக்கு ஏதோ காரணத்தால் எழும்பவில்லை போலிருக்கிறது.

கீழே நான்கு கட்டளைகள் கொடுத்திருக்கிறேன். அவற்றை ஓட்டு. டிரைவர் தனக்குள் என்ன செய்கிறது என்று லாக்கில் விவரமாக எழுத ஆரம்பிக்கும். மறுபடி எண் நின்றால் அந்த லாக்கை அப்படியே எனக்கு அனுப்பு. பார்த்தால் சொல்லிவிடலாம். பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாண்டித்துரை நன்றாக இருக்கிறாரா? என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். குருவம்மாள் எப்படி நடக்கிறாள்?

மாரி


குற்றாலம்
5 ஜூலை, சனி

அக்கா,

குருவம்மாள் நடக்கவில்லை. இலத்தூரில் அவர்கள் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போகிறேன். நான்கு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை வருவாள். போன வருஷம் ஆகஸ்ட் பதினோராம் தேதிக்கு முன்னால் அவள் வயலுக்குப் போய் நாற்று நட்டவள். இணைப்பு அறுந்தாலும் சைரன் அடிக்க வேண்டும் என்று நாம்தானே விதி வைத்தோம்? அன்றைக்குச் சாரலில் இணைப்பு அறுந்தது, சைரன் அடித்தது, என் வீட்டுக்காரர் விசில் ஊதினார், சனம் விழுந்தடித்து ஓடியது. எண்ணெயும் ஷாம்பூவும் வழுக்கும் பாறையில் அவள் இடுப்பு முறிந்தது. வெள்ளம் வரவே இல்லை. அவருக்கு மெமோ கிடைத்தது. நீ கேட்டதால் சொன்னேன்.

இப்போது கேள். இன்று காலை மறுபடியும் எண் நின்றது. திரும்பவும் நாற்பத்தொன்று. எஸ்டேட் காவல்காரர் காமராஜ் அண்ணாச்சியிடம் கம்பத்து அளவுக் கோட்டைப் பார்த்துச் சொல்லும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். கம்பத்துக்குப் பக்கத்தில் போன் எடுக்காது, அரை மைல் இறங்கி வந்துதான் பேச வேண்டும். வந்து பேசினார்.

“ஏ தாயி, அங்கன அறுவத்தி மூணு நிக்கி. காலையில இருந்து ஏறிக்கிட்டேதான் இருக்கு. ஒனக்கு என்ன காட்டுது?”

எனக்கு நாற்பத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, நான் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

லாக்கை அனுப்பியிருக்கிறேன். நானும் படித்தேன். டிப்ளமோ படித்தவள்தான், முழு முட்டாள் இல்லை. கார்டு பதில் தரவில்லை, ரீசெட் ஒன்று. பதில் தரவில்லை, ரீசெட் இரண்டு. இப்படியே நூற்றுப் பன்னிரண்டுவரை போகிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘இணைப்பு நிலை பிடித்து வைக்கப்படுகிறது’ என்று ஒரு வரி. பிடித்து வைப்பது என்றால் என்ன அக்கா? யார் பிடித்து வைக்கிறார்கள்? கார்டு செத்துக் கிடக்கும்போது இணைப்பு இருக்கிறது என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

செல்வி


பெங்களூர்
6 ஜூலை, ஞாயிறு

செல்வி,

லாக் கிடைத்தது. பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அரை மணிக்கு ஒரு தடவை நீயே கார்டைப் பிடுங்கிச் சொருகு. மறக்காதே. போனில் அலாரம் வைத்துக்கொள். எண் ஐந்து நிமிடம் ஆடாமல் நின்றால் யாரையும் கேட்காமல் பிடுங்கிவிடு.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

மாரி


குற்றாலம்
9 ஜூலை, புதன்

அக்கா,

மற்றதைப் பிறகு எழுதுகிறாயா! எழுத வேண்டாம். நானே தெரிந்துகொண்டேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தாய். சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்காமல் தப்பிக்க நீ செய்கிற அதே வேலை. உன் டிரைவர் திறந்த மென்பொருள்தானே? யார் எந்த வரியை எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று ஊரே பார்க்கலாம். நானும் பார்த்தேன். 14 ஆகஸ்ட் 2024. மாரிச்செல்வி. ‘கார்டை மீட்கும்வரை இணைப்பு போனதை மேலே தெரிவிக்காதே.’ குருவம்மாள் விழுந்து மூன்றாம் நாள்.

ஏப்ரலில் சிஸ்டத்தைப் புதுப்பித்தேன். அதோடு உன் மாற்றமும் சத்தமில்லாமல் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

நீ என்ன செய்தாய் என்று உனக்குப் புரிகிறதா? காவலுக்கு நிற்கிற நாய் குரைத்தது தப்பு என்று அதன் வாயைக் கட்டிவிட்டாய். கட்டியதை என்னிடமாவது சொன்னாயா? மூதி, ஒரு வார்த்தை! ஜூன் முழுக்க சனி ஞாயிறு ஆயிரக்கணக்கில் சனம் குளித்தது. எத்தனை தடவை எண் நின்றதோ, எத்தனை தடவை நான் கவனிக்காமல் விட்டேனோ, யாருக்குத் தெரியும்? பாண்டித்துரை தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு “வாரேன்டி” என்று போகும்போது வாசலில் நின்று அவர் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இதோடு முடித்து அனுப்பியிருப்பேன். ஆனால் இன்று மத்தியானம் என் நிரலையும் திறந்து பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நானும் உன்னைப் போலத்தான். திரையில் எண்ணைக் காட்டுகிற நிரல் நான் எழுதியது. இணைப்பு உண்டா என்று அது உன் டிரைவரைக் கேட்கும். உண்டு என்றால் கடைசியாக வந்த எண்ணைக் காட்டும். அந்த எண் எப்போது வந்தது என்று பார்க்கவே பார்க்காது. பத்து நொடிக்கு முந்தையதா, இரண்டு மணி நேரத்துக்கு முந்தையதா என்று கேட்க ஒரே ஒரு வரி போதும். நான் எழுதவில்லை. இணைப்பு போனால்தான் அக்கா டிரைவர் சொல்லிவிடுமே என்று இருந்துவிட்டேன்.

அதற்காக நீ தப்பித்துவிட்டதாக நினைக்காதே.

செல்வி


பெங்களூர்
10 ஜூலை, வியாழன்

செல்வி,

தப்பிக்கப் பார்க்கவில்லை. பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். இனிமேல் இல்லை.

போன வருஷம் நீ போனில் சொன்னது, “ஒன் சவத்து மிஷினால ஒரு பொம்பளைக்கு இடுப்பு போச்சு.” அதற்குப் பிறகு மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை. அந்தச் சைரன் இன்னொரு தடவை பொய்யாக அடிக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் தலையில் ஏறவில்லை. கார்டு தொங்கினால் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே எழுப்பிவிடலாம் என்று எழுதினேன். சோதித்ததில் பத்துக்கு ஒன்பது தடவை எழுந்தது. பத்தாவது தடவை என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்தேன். ‘எழாவிட்டால் என்ன செய்வது, பிறகு பார்க்க வேண்டும்’ என்று நிரலிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு, பார்க்காமல் விட்டுவிட்டேன். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது, நீ பார்த்திருக்க மாட்டாய்.

இந்த டிரைவருக்குப் பொறுப்பாளி நான் ஒருத்திதான். அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. தேவையில்லாத அறுபடலைத் தவிர்க்கும் மாற்றம் என்று எழுதி அனுப்பினேன், லினக்ஸில் சேர்த்துக்கொண்டார்கள். நவம்பர் வெளியீட்டில் எல்லோருக்கும் போயிற்று. எல்லோருக்கும் என்றால் எத்தனை பேர், எந்த ஊர், அந்தக் கார்டை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது.

இனி வேலை. கார்டு தொங்குவதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அதே மாடல் கார்டை இட்லிக் கொப்பரைக்குள் வைத்து மூடியைப் பாதி சாய்த்தேன். சிக்னல் மெலிந்தது, உங்கள் சாரல் மாதிரியே. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை தொங்கியது. மூன்று நாள் பார்த்தேன். கார்டுக்குச் செய்தி வந்தால் அது டிரைவருக்கு மணி அடிக்கும். டிரைவர் வந்த செய்திகளை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் மணியை அணைக்கும். எடுத்து முடித்ததற்கும் அணைப்பதற்கும் நடுவில் புதுச் செய்தி ஒன்று வந்தால் அதன் மணியும் சேர்ந்து அணைந்துவிடும். அப்புறம் டிரைவர் மணிக்காகக் காத்திருக்கும். டிரைவர் வரட்டும் என்று கார்டு காத்திருக்கும். இரண்டும் அப்படியே கிடக்கும். மணியை முதலில் அணைத்துவிட்டுப் பிறகு செய்தியை எடுக்க வேண்டும். இரண்டே வரி இடம் மாற வேண்டியது. ஏழு வருஷமாக என் கண்ணில் படவில்லை.

அதைத் திருத்திவிட்டேன். பிடித்து வைக்கிற மாற்றத்தையும் நீக்கிவிட்டேன். இரண்டும் இதோடு இருக்கின்றன. நாளைக் காலை, எல்லோருக்கும் மெயில் போகும் பொதுப் பட்டியலில் என் பெயரிலேயே அறிவிப்பு போடுகிறேன், நான் எழுதியதால் செத்த இணைப்பு உயிரோடு இருப்பதாகத் தெரியும் என்று. எழுதி வைத்துவிட்டேன், அனுப்பத்தான் பயமாக இருக்கிறது. அனுப்பிவிடுவேன்.

உன் பக்கம் நீ எழுத வேண்டிய ஒரு வரியை எழுது. இருபது நொடிக்குள் புது எண் வராவிட்டால் சைரன் அடிக்க வேண்டும், காரணம் என்னவாக இருந்தாலும்.

பாண்டித்துரையிடம் சொல்லிவிடு.

மாரி


குற்றாலம்
17 ஜூலை, வியாழன்

அக்கா,

உன் திருத்தத்தைப் போட்டு ஆறு நாளாகிறது. எண் ஒரு தடவைகூட நிற்கவில்லை. என் வரியையும் எழுதிவிட்டேன். சைரனோடு மட்டும் இன்னும் இணைக்கவில்லை. திரையில் எழுத்து வருகிறது, அவ்வளவுதான். இணைக்க விடமாட்டேன் என்கிறார் எங்கள் மேனேஜர் முத்துக்குமாரசாமி.

“தண்ணி ஏறுனா அடிக்கட்டும்மா, வேண்டாம்னு சொல்லல. தண்ணி ஏறுச்சா இல்லையான்னு தெரியலன்னு சொல்லுததுக்கு ஒரு சைரனா? வாரது ஞாயித்துக்கெழம, ரூம் பூரா புக்கிங். போன வருஷம் பட்டது பத்தாதா?”

அவர் சொல்வதும் ஒரு நியாயம்தான். குருவம்மாளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்.

வீட்டிலும் சொல்லிவிட்டேன். சொல்ல ஆறு நாள் ஆனது. பாண்டித்துரை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், போட்டபடியே கேட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“அப்ப ஜூன் மாசம் பூரா நான் சும்மாதான் நின்னுருக்கேன்.”

“ஆமா.”

“இப்ப என்ன செய்யணும்?”

“எண் வரலைன்னா சைரன் அடிக்கும். நீங்க ஊதணும்.”

“ஊதுதேன். எவளாவது விழுந்து, தண்ணியும் வரலன்னு வையி, இந்தத் தடவ மெமோவோட விட மாட்டான். சட்டையக் கழட்டிருவான். அது கெடக்கட்டும். அந்தப் பொம்பள கத்துனது இன்னும் எங் காதுல கெடக்கு செல்வி. மயினிட்ட ஒண்ணு மட்டும் கேளு. இனிமே அது சும்மா அடிக்குமா அடிக்காதா?”

அவருடைய மயினி நீதானே, கேட்டுவிட்டேன். அவருக்காகக் கேட்கவில்லை, எனக்கே தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சைரனை இணைப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். ஆறுதலுக்காக எதையும் எழுதாதே. ஒரு தடவை நீ ‘பயப்படாதே’ என்று எழுதினாய், அதுவே போதும்.

செல்வி


பெங்களூர்
18 ஜூலை, வெள்ளி

செல்வி,

அடிக்கும்.

எஸ்டேட்டில் கரண்டு போனால் அடிக்கும். ஆன்டெனா மேல் குரங்கு உட்கார்ந்தால் அடிக்கும். எனக்குத் தெரியாத இன்னொரு கோளாறு உள்ளே இருந்தால் அடிக்கும். சீசனுக்கு இரண்டு தடவையாவது தண்ணீர் வராமல் அடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதைக் குறைக்க முடியும், இல்லாமல் ஆக்க முடியாது. இல்லாமல் ஆக்குகிறேன் என்று போய்த்தான் இவ்வளவும் வந்தது.

இணைத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மாரி


குத்துக்கல்வலசை
21 ஜூலை, திங்கள்

அக்கா,

தப்பும் தவறுமாக இருந்தாலும் படித்துக்கொள்.

சனிக்கிழமை மேனேஜர் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் சைரனை இணைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதற்காக உன்னைத் திட்டிவிட்டு நானும் அதையே செய்தேன், என்ன செய்ய.

நேற்று ஞாயிறு. இங்கே வெயிலும் சாரலும் மாறி மாறி அடித்தது, கூட்டமான கூட்டம். பதினொன்று இருபதுக்கு எண் நாற்பத்தாறு. அப்புறம் நாற்பத்தேழு. அப்புறம் ஒன்றும் இல்லை. இருபது நொடியை ஒவ்வொன்றாக எண்ணினேன். சைரன் அலற ஆரம்பித்தது.

லாக்கைப் பார்த்தேன். உன் கார்டு உயிரோடு இருந்தது அக்கா. தொங்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பேச்சு இல்லை. எஸ்டேட்டில் கரண்டு போயிருக்கும், நீ சொன்ன மாதிரி சும்மாதான் அடிக்கிறது என்று நினைத்தேன். சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. மேனேஜர் படியேறி ஓடி வந்தார். “நிறுத்தும்மா! மொதல்ல நிறுத்து! எண் ஏறலல்லா, நாப்பத்தேழுதான காட்டுச்சு?” என்று கத்தினார். நான் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. நான்கு நிமிடம் நின்றேன். பிறகு அவர் கீழே போய் மெயினையே அணைத்துவிட்டார்.

அதற்குள் பாண்டித்துரை ஊதிவிட்டார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். போன தடவை மாதிரி விரட்டவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்று, “ஓடாதீங்க, ஓடாதீங்க, கைய புடிச்சிக்கிட்டு மெள்ள நடங்க” என்று தொண்டை கிழியக் கத்தினார். பெண்கள் பக்கம் போய் அங்கேயும் கத்தினார். எண்ணெய் தேய்க்கிற பிச்சைமணி அண்ணாச்சிகூடச் சிரித்தார், “என்ன ஏட்டையா, இந்த வருசமும் ஆரம்பிச்சாச்சா?” என்று. ஒருத்தன் ஈரத் துண்டை அவர் முகத்தில் வீசினான். இரண்டு மூன்று பேர் போனில் படம் பிடித்தார்கள். எல்லோரும் வெளியே வர ஏழு நிமிடம் ஆனது. ஒருத்தரும் விழவில்லை.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அருவி அழகாக விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரம் இருக்கிறதே, அது மாதிரி ஒரு நேரம் எதிரிக்கும் வரக் கூடாது. எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம். சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. “சும்மா வெரட்டுதான்லே” என்று ஒரு குடும்பம் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போயிற்று. பின்னாலேயே பத்துப் பேர். பாண்டித்துரை அந்தக் குடும்பத்துச் சின்னப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். பிள்ளையின் அப்பன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபடி திட்டிக்கொண்டே பின்னால் வந்தான், மற்றவர்களும் சண்டையை வேடிக்கை பார்க்க வெளியே வந்தார்கள்.

அப்போது தண்ணீர் நிறம் மாறியது. சேற்று நாற்றம் என் ஜன்னல்வரை வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு முழு மரம் வேரோடு மேலேயிருந்து தலைகுப்புற விழுந்தது. அவர்கள் நின்ற பாறையே கண்ணுக்குத் தெரியவில்லை. கயிறு கட்டியிருந்த இரும்புத் தூணைக் காணோம்.

ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை அக்கா. சட்டையைப் பிடித்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் காமராஜ் அண்ணாச்சி இறங்கி வந்து சொன்னார். மேலே எங்கேயோ மலை சரிந்து ஓடையை அடைத்து, அடைப்பு ஒரே நேரத்தில் உடைந்திருக்கிறது. ஏறுகிற தண்ணீர் இல்லை அது, மொத்தமாக வந்த தண்ணீர். கம்பத்தைச் சென்சாரோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. எண்பது என்று சொல்ல அதற்கு நேரமே இருந்திருக்காது. உன் பழைய மாற்றமும் என் பழைய நிரலும் அப்படியே இருந்திருந்தால் என் திரையில் நாற்பத்தேழும் பச்சை விளக்கும் இந்நேரம்வரை இருந்திருக்கும்.

பாண்டித்துரை வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார். படுக்கப் போகும்போதுதான் சொன்னார். “மயினிட்ட எழுதும்போது சொல்லு. நானும் நம்பலன்னு சொல்லு. சும்மாதான் அடிக்குன்னு நெனச்சுக்கிட்டேதான் ஊதுனேன்.”

பஸ் ஏறி வா அக்கா. புதுக் கம்பம் நட வேண்டும், எனக்கு ஆள் வேண்டும். திட்ட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். வா.

செல்வி


பெங்களூர்
24 ஜூலை, வியாழன்

செல்வி,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நாளைக்குப் பஸ் ஏறுகிறேன். பாண்டித்துரையிடம், நம்பாமல் ஊதினாரே, அதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரிந்து கிடையாது என்று சொல். நேரில் நானும் சொல்கிறேன்.

ஆனால் நேரில் வாய் வராத ஒன்றை இப்போதே எழுதிவிடுகிறேன்.

பதினோராம் தேதி பொதுப் பட்டியலில் அறிவிப்பு போட்டேன் அல்லவா? முதலில் நான்கைந்து பேர் நன்றி சொல்லி எழுதினார்கள். ஒருவர் நன்றாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். பிறகு பத்தொன்பதாம் தேதி ஒரு கடிதம் வந்தது. முன்பின் தெரியாத பெயர். எந்த நாடு, என்ன வேலை என்று எதுவும் இல்லை. ‘இந்தத் தவறு எந்த மாதத்திலிருந்து இருக்கிறது?’ என்று ஒரே ஒரு கேள்வி. நவம்பர் வெளியீட்டிலிருந்து என்று பதில் போட்டேன்.

நேற்று அவரிடமிருந்து பதில் வந்தது. அதிலும் ஒரே வரி. ‘நன்றி. அப்படியானால் அது எங்கள் ஆள் செய்த தவறு இல்லை, அவருடைய வீட்டில் சொல்லிவிடுகிறேன்.’

என்ன நடந்தது என்று அவர் எழுதவில்லை. நேற்றிலிருந்து நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் ஒன்றும் நடக்காதது மாதிரியே இருந்துவிடலாம். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இதை உனக்கு அனுப்பிவிட்டு அவருக்கு எழுதப் போகிறேன் செல்வி. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

மாரி